மாரித்தாய் ஒட்டிய கிழக்கு

என் அக்கா மாரித்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் திசை சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆமத்தூரில் பிறந்த எல்லாருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. பந்தியில் இருப்பவரிடம் "செத்த வடக்காம தள்ளி உக்காருங்க" என்போம். மாட்டைக் கட்டச் சொன்னால் எந்தப் பக்கம் பார்த்துக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வோம். வலது இடதெல்லாம் பட்டாளத்துக்காரனுக்கும் பஸ் ஓட்டுகிறவனுக்கும்தான். சிவகாசிக்குக் குடிவந்த பிறகும், மூன்று பேர் நின்றால் முட்டிக்கொள்கிற அடுப்படிக்குள் நின்றுகொண்டு, "உப்புச் சாடிக்கு மேக்க மல்லி டப்பா இருக்கு பாரு" என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். அக்கா கண்டுகொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஐந்து வயது இளையவன் நான். பெயர் சங்கிலிமுத்து. பிறவியிலேயே பயந்தவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததையும் செய்யாததையும் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான் ஒருவன்தான். விருதுநகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தேன். அந்தப் படிப்பால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.

அக்காவைக் கட்டிய கருத்தப்பாண்டி மச்சானும் ஆமத்தூர்தான். கரிசல்காட்டில் பருத்தியும் கம்பும் போட்ட குடும்பம். அவருக்கு உழவில் மனசு ஓடவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கல் தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தவர், இரண்டே வருஷத்தில் கல்லில் எழுதுகிறவராகிவிட்டார். தீப்பெட்டி லேபிளும் பட்டாசு உறையும் அந்தக் காலத்தில் கல்லில் எழுதித்தான் அச்சாகும். காகிதத்தில் நேராக விழ வேண்டுமானால் கல்லில் எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. மச்சான் திருப்பி எழுதுவது மற்றவர்கள் நேராக எழுதுவதைவிட அழகாக இருக்கும்.

1941-ல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். கல்லில் எழுதத் தெரியும் என்றதும், மேப்பு அச்சடிக்கிற பிரிவில் மச்சானைச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பம்பாயில் கப்பல் ஏறப் போகிறார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. மார்கழியில் ஒரு கடிதம் வந்தது.

வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவின் புகுந்த வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். மச்சானுக்குத் தகப்பனார் இல்லை; சித்தப்பா ஊர்க்காவலன்தான் அந்த வீட்டுக்கு மூத்தவர். நான் நடுவில் நின்று வாசித்தேன். ஊர்ப் பெயர் வந்த இடமெல்லாம் பட்டாளத்தில் கறுப்பு மை பூசி அழித்திருந்தார்கள். அடியில், விலாசம் இருக்க வேண்டிய இடத்தில், மச்சான் கையெழுத்தில் இரண்டே வார்த்தை இருந்தது: மத்திய கிழக்கு.

"அது எங்கனலே இருக்கு?" என்று ஊர்க்காவலன் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பதினேழு வயதில் எவன் அப்படிச் சொல்வான்? ஜப்பானுக்குத் தூரக் கிழக்கு என்று பெயர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஜப்பான் தூரக் கிழக்கு என்றால், நமக்கும் அதற்கும் நடுவில் இருப்பதுதானே மத்திய கிழக்கு? இதில் என்ன தப்பு இருக்க முடியும்? கையை நீட்டிக் காட்டினேன். "பர்மா, மலேயாப் பக்கம்" என்றேன். எல்லாரும் நான் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள்.

இரண்டு மாதத்தில் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தான். அடுத்த மாதம் ரங்கூனும் விழுந்தது. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள், வீங்கிய காலோடு எங்கள் பக்கத்து ஊர்களிலும் வந்து சேர்ந்தார்கள். மச்சானிடமிருந்து அடுத்த கடிதம் வரவில்லை. பட்டாளத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணமும் நின்றுபோனது. காகிதம் எங்கோ சிக்கிக்கொண்டதாகப் பிற்பாடு தெரிந்தது. அக்கா தினமும் விடிந்ததும் கண்மாய்க்கரையில் ஏறிக் கிழக்கே பார்த்து நிற்பாள். அச்சங்குளத்துக்கு ரங்கூனிலிருந்து ஒருத்தர் திரும்பி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஊர்க்காவலன் போய் விசாரித்தார். "அந்தப் பக்கம் இருந்த நம்ம பட்டாளத்து ஆளுக ஒருத்தரும் மிஞ்சல" என்று அவர் சொன்னாராம்.

ஆவணி மாதம் மச்சானுக்குக் கருமாதி செய்தார்கள். அக்காவின் தாலியை அறுத்தார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

தை மாதம் கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. மணலில் நின்று மச்சான் சிரித்துக்கொண்டிருக்கிறார், பின்னால் ஓர் ஒட்டகம். பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எகிப்துதான்! மேக்க, கடலுக்கு அந்தப் பக்கம்" என்றார். ஊரே என்னைப் பார்த்தது. நான் மெல்ல நழுவி வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் எல்லாம் சரியாகியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? எங்கள் ஊர் அப்படி லேசில் விடுகிற ஊர் இல்லை. கட்டினவன் கையால்தான் தாலி மறுபடி ஏற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சண்டை முடிந்து மச்சான் ஊர் வந்து சேர 1946 ஆகிவிட்டது. மூன்றரை வருஷம் அக்கா சுமங்கலியும் இல்லாமல் அறுத்தவளும் இல்லாமல் இருந்தாள். கல்யாண வீட்டில் முன்னால் நிற்க விட மாட்டார்கள். இழவு வீட்டில் அறுத்தவர்கள் பக்கம் உட்காரவும் அவளுக்கு மனசு வராது. எந்த விசேஷத்துக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். மச்சான் வந்து இருக்கன்குடி கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அன்றைக்கு அக்கா அழுத அழுகையை நான் கோயில் மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்டேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெயருக்கு அர்த்தம் மச்சான் சொல்லித்தான் தெரிந்தது. கெய்ரோவில் மேப்பு அச்சடிக்கும்போது அவரும் இதையே ஒரு வெள்ளைக்கார சார்ஜண்டிடம் கேட்டிருக்கிறார். எங்கள் ஊருக்கு இது மேற்கே இருக்கிறதே, இதை ஏன் கிழக்கு என்கிறீர்கள் என்று. சார்ஜண்டு சிரித்தானாம். "லண்டன்ல உக்காந்து பாக்கணும்கறான் மாப்ள. அவன் நாக்காலிக்குக் கிட்டக்க இருந்தா அண்மைக் கிழக்கு, கொஞ்சம் தள்ளுனா மத்திய கிழக்கு, அதுக்கும் அங்கிட்டுன்னா தூரக் கிழக்கு. நாம எங்கன உக்காந்திருக்கோம்னு எவன் கேக்கான்?" என்றார். விலாசத்தில் அதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று உத்தரவாம். "எங்கையால எழுதுன எழுத்துதான் ஒங்க அக்கா கழுத்த அறுத்துச்சு" என்றார்.

என்னை ஒரு வார்த்தை அவர் குறை சொன்னதில்லை. மாறாக, சிவகாசிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய், தான் எழுதுகிற அச்சகத்திலேயே மிஷின்காரனாகச் சேர்த்துவிட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

அச்சகத்து முதலாளி தனுஷ்கோடி கெட்ட மனிதர் இல்லை. கவலைக்காரர். மழை வந்தால் காகிதம் நமத்துவிடுமே என்பார், வெயில் அடித்தால் சுருண்டுவிடுமே என்பார். 1957 பிறந்ததும் அவருக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற உலகப் படம், தமிழில், நாலாயிரம். ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். எந்த நாட்டுக்கு எந்தப் பெயர் என்று மெட்ராஸில் பட்டியல் போட்டு, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். பார்த்து வரைய ஒரு பழைய இங்கிலீஷ் மேப்பும் கூட வந்தது.

மச்சான் அதை மேஜையில் விரித்துப்போட்டு இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தார். எழுத எழுதப் புலம்பல்தான். மேற்கிந்தியத் தீவு என்று எழுதும்போது, "இந்தியான்னு நெனச்சு வழி தப்பிப் போயி எறங்குனவன் வச்ச பேரு. அவன் செத்து எம்புட்டுக் காலமாச்சு, இன்னும் நாம மை தொட்டு எழுதிக்கிட்டிருக்கோம்" என்பார். ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை என்று எழுதும்போது, "தங்கத்த அள்ளுனவன் வச்சதுல்ல, வேற எப்படி வைப்பான்?" என்பார். இருந்தாலும் பட்டியலில் இருந்ததை ஒன்று விடாமல் அப்படியே எழுதினார். மத்திய கிழக்கையும் எழுதினார். அந்தச் சமயத்தில் பேப்பரைத் திறந்தால் சூயஸ் கால்வாய்ச் சண்டை பற்றித்தான் இருக்கும், மத்திய கிழக்கு, மத்திய கிழக்கு என்று. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாதது நல்லது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

முதல் பிரதி எடுத்து, முதலாளி பட்டியலோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நிறங்கள் ஓட ஆரம்பித்தன. மேப்பு என்றால் மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று வரிசையாக ஏறும். எழுத்து இருக்கிற கறுப்புக் கல் கடைசியில்தான் ஏறும். மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தபோது மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கக் கடற்கரை சுதந்திரம் வாங்கிவிட்டது, இனி அதன் பெயர் கானா, படத்தில் திருத்தவும் என்று. முதலாளி கடிதத்தை மச்சானிடம் கொடுத்தார். மச்சான் பிளேடால் கல்லைச் சுரண்டிப் பழைய பெயரை எடுத்துவிட்டுக் கானா என்று எழுதினார்.

சித்திரைக் கடைசியில் கறுப்புக் கல்லை என் மிஷினில் ஏற்றினார்கள். ஈரம் தடவி மை உருளையை ஓட்டினேன். பத்து வருஷமாகக் கல்லைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி எழுதியதை வாசிக்க எனக்கும் பழகிவிட்டது. கானா சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்படியே கண் அரேபியாப் பக்கம் போனது. அங்கே மத்திய கிழக்கு இல்லை. மேற்கு ஆசியா என்று இருந்தது.

மிஷினை நிறுத்திவிட்டு மச்சானிடம் ஓடினேன்.

"மச்சான், கல்லுல பேரு மாறியிருக்கு."

"மாறல. மாத்தியிருக்கேன்."

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"கானாவ மாத்தச் சொன்னாரு. பிளேடு கையில இருந்துச்சு. அதையும் மாத்துனேன்."

"பட்டியல்ல அப்படி இல்லையே மச்சான். திருப்பி அனுப்பிட்டா என்ன செய்வீக? ஒங்கள வெளிய அனுப்பிருவாக."

மச்சான் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அந்த எடம் நமக்கு மேக்கயா, கிழக்கயா? நீயே சொல்லு மாப்ள."

வேறு யார் கேட்டிருந்தாலும் ஆயிரம் சொல்லியிருப்பேன். அவரிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவது?

"மேக்க" என்றேன்.

"அப்ப ஓட்டு."

"தூரக் கிழக்கு மட்டும் அப்படியே இருக்கே?"

"அது இருக்கட்டும். ஜப்பான் நமக்கும் தூரந்தான், நமக்கும் கிழக்கதான்."

ஓட்டினேன். இரண்டு நாள், நாலாயிரம் தாள். முதலாளி பக்கத்தில் வந்தால் அரேபியாவின் மேல் என் கையை வைத்துக்கொள்வேன். மை காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. நான் எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், மச்சானுக்குக் கல்லை விட்டால் வேறு தொழில் தெரியாது. காடு கரையெல்லாம் பங்காளிகள் கைக்குப் போய்விட்டது. உத்தரவு இல்லாமல் ஆர்டரை மாற்றியவர் என்று ஒரு சொல் வெளியே போய்விட்டால், சிவகாசியில் எந்த அச்சகமும் அவர் கையில் கல்லைக் கொடுக்காது. அக்கா பட்டது போதாதா?

மூன்றாம் நாள் விஷயம் வெளியே வந்தது. சாத்தூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் வேறு வேலையாக வந்தவர், காயப் போட்டிருந்த படத்தைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. மத்திய கிழக்கத்தான் காணோம். பரீட்சையில வருசா வருசம் கேக்காகளே" என்றார். முதலாளி பட்டியலை எடுத்து வரச் சொன்னார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா கருத்தப்பாண்டி, ஆரக் கேட்டு மாத்துன?"

"ஆரையும் கேக்கல மொதலாளி. அங்கன நாலு வருசம் இருந்தவன் நான். அது மேக்க இருக்கு."

"மேக்க இருக்கட்டும், தெக்க இருக்கட்டும், நமக்கென்ன? பட்டியல்ல உள்ளதுதான் படத்துல இருக்கணும்."

"கானாவுக்கு மட்டும் மாத்துனோமே."

"அதுக்குக் கடுதாசி வந்துச்சு. இதுக்கு வந்துச்சா?"

"விருதுபட்டிய விருதுநகர்னு மாத்தயில நம்மாளுக லண்டன்லயா போயிக் கேட்டாக?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கல்ல ஏத்துறப்ப நீ பாக்கலியாலே?"

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பார்த்தேன், தெரிந்துதான் ஓட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "கவனிக்கல மொதலாளி" என்றேன். மச்சான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவனுக்குத் தெரியாது. எல்லாம் என் வேலைதான்" என்றார்.

நாலு நிறம் ஓடி முடிந்த தாளைத் திரும்ப அச்சடிக்க நேரமும் இல்லை, காகிதமும் இல்லை. ஒரே வழி, தப்பான பெயரின் மேல் சரியான பெயரைச் சீட்டாக ஒட்டுவது. முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நாலாயிரமும் ஒட்டி லோடு ஏற வேண்டும். ஏறினால் திங்கட்கிழமை கருத்தப்பாண்டி வேலைக்கு வரலாம். ஒரு படம் திரும்பி வந்தாலும் அவர் இந்த வாசல் மிதிக்க வேண்டாம். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்திய கிழக்கு என்று எழுத்துக் கோத்து நாலாயிரம் சீட்டு அடித்தேன். ஒட்டுவதற்கு ஆள் சொல்லிவிட்டார் முதலாளி. சிவகாசியில் ஒட்டுகிற கைக்கா பஞ்சம்? வீட்டுக்கு வீடு தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர்கள்தான். புதன்கிழமை காலையில் ஐந்து பெண்கள் வந்தார்கள். முதலில் உள்ளே வந்தவள் என் அக்கா.

"நீ எதுக்குக்கா வந்த?" என்றேன்.

"எங்க வீட்டு ஆளு செஞ்ச வேல. நான் வராம ஆரு வருவா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் சாயங்காலமே வீட்டில் பசை காய்ச்சி இரண்டு குண்டானில் கொண்டுவந்திருந்தாள். சீட்டுக் கட்டை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்கு? வாசி."

மார்கழியில் அந்தக் கடிதத்தை வாசித்த நாளுக்குப் பிறகு, அக்கா ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட என்னிடம் வாசிக்கக் கொடுத்ததில்லை. மச்சானுடைய கடிதங்களைத் தபால்காரரிடம் கெஞ்சி வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். ரேஷன் காகிதம் என்றால் தெருக்கோடி வரை போய் யாரையாவது கேட்டுவிட்டு வருவாள். நான் வீட்டில்தான் இருப்பேன். பதினைந்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

"மத்திய கிழக்கு" என்று வாசித்தேன்.

அக்கா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அதேதானா?"

"அதேதான்க்கா."

"அடியில இருக்கறது?"

"மேற்கு ஆசியா. மச்சான் எழுதுனது."

அவள் படத்தைக் குனிந்து பார்த்தாள். மச்சானுடைய எழுத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு சீட்டைப் பசையில் தொட்டு, ஓரம் பிசகாமல் அந்த எழுத்தின் மேலேயே ஒட்டி, துணியால் அழுத்திவிட்டாள். அடுத்த படத்தை எடுத்தாள். மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். நான் ஒட்டியதை எடுத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஐந்து பேரும் தலையை நிமிர்த்தவில்லை. முக்கால்வாசி முடிந்திருந்தது. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. குண்டானில் பசை தீர்ந்து, அக்கா கொண்டுவந்திருந்த இரண்டாம் குண்டானைத் திறக்கப் போனேன்.

பசை வெள்ளை வெளேர் என்று இருந்தது. தீர்ந்துபோன குண்டானை எட்டிப் பார்த்தேன், அதுவும் வெள்ளைதான்.

தீப்பெட்டி ஒட்டுகிற ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். மைதாவைக் காய்ச்சி இறக்கும்போது மயில்துத்தம் போட வேண்டும். போட்டால் பசையில் லேசாக நீலம் ஓடும், பூச்சி அண்டாது. போடாவிட்டால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் மைதாவைத் தின்ன வந்துவிடும். நாலு மாதம், அதிகம் போனால் ஐப்பசி மழை. அதற்குள் சீட்டு உதிர்ந்து, அடியில் இருக்கிற மச்சான் எழுத்து வெளியே வந்துவிடும். அக்கா பத்து வருஷமாகப் பசை காய்ச்சுகிறவள். மறந்து போட்டிருக்க மாட்டாள்.

அவள் காதருகே குனிந்தேன். "அக்கா, துத்தம் போடலியா?"

"போடல."

"உதுந்துருமேக்கா."

"உதுரட்டும். பள்ளிக்கூடத்துல போயித்தான உதுரும்."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா மச்சானுக்கு வேல போயிரும். சொன்னாக் கேளு. மிச்சத்துக்காச்சும் போட்டுருவோம்."

"தெரியாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள். அவள் குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். நாலைந்து படத்தை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தார். ஓரம் தூக்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், குண்டானுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். குனிந்து ஒரு விரலால் பசையைத் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன இம்புட்டு வெள்ளையா இருக்கு? துத்தம் போட்டாச்சா?"

ஐந்து பெண்களும் கையை நிறுத்தினார்கள். அக்கா தலையைக் குனிந்தபடியே இருந்தாள். அவர் கேட்டது பொதுவாகத்தான், ஆனால் பார்த்தது என்னை. உண்மையைச் சொன்னால் மச்சானுக்கு வேலை இல்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எனக்கும் இல்லை. கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது எனக்கு நன்றாக வரும்.

"போட்டிருக்கு மொதலாளி" என்றேன். "நெலம் பூரா மஞ்சளு. துத்தம் கூடுனா பச்ச ஏறிரும்னு நான்தான் கம்மியாப் போடச் சொன்னேன்."

முதலாளி என்னையே பார்த்தார். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே கிடையாது. பசையை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "அதுவுஞ் சரிதான்" என்று விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில லோடு ஏத்திருங்க. ஒங்க மச்சான திங்கக்கெழம வரச் சொல்லு. காலண்டர் கல்லு காத்துக் கெடக்கு."

அவர் செருப்புச் சத்தம் வாசல் தாண்டிப் போகிற வரை நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு ஒட்டாத படக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஏன்லே பொய் சொன்ன?"

"ஒனக்காகத்தான்க்கா."

"அன்னைக்கு நீ தெரியாமத்தான் சொன்ன, தம்பி. கிழக்குன்னு எழுதியிருந்தா நீ என்ன செய்வ? அதுக்கு எனக்கு ஒம்மேல கோவமில்ல." சீட்டை ஒட்டி, துணியால் அழுத்தினாள். "மூணர வருசம் வெறுங்கழுத்தோட அந்த வீட்டுக்குள்ள கெடந்தேன். ஒத்த நாளாச்சும் நீ வந்து, தப்பாச் சொல்லிட்டேன்க்கான்னு சொல்லுவன்னு பாத்தேன். போட்டோ வந்த அன்னைக்குப் பாத்தேன். இருக்கன்குடியில பாத்தேன். நீ வரவே இல்லையேலே."

அவள் மனசில் இருந்தது நான் வாசித்த வார்த்தை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நான் பயந்ததெல்லாம் அவள் கேட்டுவிடுவாளோ என்றுதான். அவளோ நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

"தப்பாச் சொல்லிட்டேன்க்கா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"காதுல விழல."

"தப்பாச் சொல்லிட்டேன்க்கா" என்று, அங்கே இருந்த நாலு பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அக்கா சரி என்று தலையாட்டினாள். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த படத்தை எடுத்து விரித்தாள்.